பூணூல் இல்லாத ரீச்சர் நடத்திவைத்த கலியாணம்

ஐயரும் இல்லாமல் சுவாமியாரும் இல்லாமல், ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர்தான் மகளின் கலியாணத்தை நடத்திவைக்கப் போகிறா என்று சொன்னதும் என் தமக்கை கேட்ட முதல் கேள்வி: "அவவுக்குப் பூணூல் இருக்கோ?" நல்லூர்த் திருவிழா முடிந்து, ஆவணியில், யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் முற்றத்துப் பந்தலில் கலியாணம் நடந்தது. காசு கொடுத்தவன் நான். நாலைந்து பேர் விபரம் கேட்டுவிட்டார்கள், அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

நாங்கள் சைவம். மருமகன் குருநகர்க் கத்தோலிக்கப் பிள்ளை. ஆயரின் அனுமதி எடுத்து தேவாலயத்தில் செய்யலாம் என்று அவர்கள் சொன்னார்கள், கோயிலில் செய்யலாம் என்று நாங்கள் சொன்னோம். பிள்ளைகள் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. எங்கேயோ தேடி இந்த ரீச்சரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

வந்த அன்றே அவ சொன்ன விஷயம் எனக்குப் பிடித்தது. "ஐயா, என்னாலை எழுத்து, அதுதான் கலியாணப் பதிவு, எழுதேலாது. எனக்கு அந்த அதிகாரம் இல்லை. முதல்லை பதிவாளரைப் பாருங்கோ." தமிழ்நாட்டில் 1967இல் சட்டத்தைத் திருத்தி, சடங்கில்லாத சுயமரியாதைக் கலியாணத்தையும் செல்லுபடியாக்கினார்கள். இங்கே இலங்கையில் அப்படி ஒன்று இல்லை. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும். ஆகவே முந்தின கிழமையே பதிவாளர் முன்னால் இரண்டு சாட்சிகளை வைத்து எழுத்தை முடித்துவிட்டோம். இந்த வழியில் போகிறவர்கள் அதைப் பிற்போட வேண்டாம்.

கூலி 60,000 ரூபாய், இரண்டு தவணை. நாதஸ்வரக் கோஷ்டிக்கு நான் கொடுத்தது இதைவிடக் கூட. மூன்று சந்திப்பு, எழுதி அச்சடித்த நிகழ்ச்சி, ஒரு ஒத்திகை, கலியாண நாள் எல்லாம் அதற்குள் அடக்கம். மைக், பந்தல், சாப்பாடு எங்கள் பாடு.

காசு செமித்தது அந்த மூன்று சந்திப்பில்தான். முதல் தடவை பிள்ளைகளோடு மட்டும் இரண்டு மணித்தியாலம் கதைத்தா. இரண்டாம் தடவை இரண்டு வீட்டாரையும் எங்கள் விறாந்தையில் இருத்தி, ஆளுக்கொரு கேள்வி: "எது இல்லாவிட்டால் இது உங்களுக்குக் கலியாணம் மாதிரி இருக்காது?" என் மனைவி, கூறை மாற்றி வருவதும் அறுகரிசி போட்டு வாழ்த்துவதும் என்றா. சம்பந்தி ஒரு செபம் வேண்டும் என்றார். எனக்குத் தவில். தாலி கட்டும்போது கெட்டிமேளம் இல்லாவிட்டால் அது கூட்டம், கலியாணம் இல்லை என்று சொன்னேன். ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டா. எல்லாம் கலியாணத்தில் இருந்தது.

ஒரு இடத்தில் சறுக்கினா. இரண்டு ஊர் மண்ணையும் ஒரு கண்ணாடிக் குவளையில் கலக்கலாம், வெளிநாட்டில் அப்படிச் செய்கிறார்கள் என்றா. மாப்பிள்ளையின் அப்பம்மா உடனே, "சவத்துக்கு மண் அள்ளிப் போடுறது சேமக்காலையிலை பிள்ளை, மணவறையிலை இல்லை" என்றா. ரீச்சர் ஒரு வார்த்தை வாதாடவில்லை, பேனையால் அந்த வரியை வெட்டிவிட்டா.

தாலியில் பிள்ளையாரா சிலுவையா என்று பெரிய பிரச்சினை வரும் என்று பயந்திருந்தேன். பொன்னுருக்கலுக்கு முதல் நாள் மகளே முடிவெடுத்தாள்: ஒன்றும் பொறிக்காத தாலி. தட்டாருக்குத்தான் மனமில்லை.

உறுதிமொழியைப் பிள்ளைகளே எழுத வேண்டும் என்பது ரீச்சரின் நிபந்தனை. எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினாலும் மாட்டா. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பெண் தன் சீதனக் காணியை விற்பதென்றாலும் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருக்கிறது. சைவம், கிறிஸ்தவம் என்ற வித்தியாசம் அதற்கு இல்லை. மாப்பிள்ளை மைக்கைப் பிடித்து, "அவள் தன்ரை காணியை விற்க நினைச்சால், ஏன் எண்டு கேளாமல் கையெழுத்து வைப்பன்" என்றார். பந்தலில் முதலில் சிரித்தவர் காணி உறுதி எழுதும் எங்கள் நொத்தாரிசு. அப்புறம் எல்லோரும். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தொண்டை அடைத்தது. என் மனைவியின் காணியை விற்கக் கையெழுத்து வைப்பதற்கு நான் மூன்று வருஷம் இழுத்தடித்தவன்.

நேரம் குறித்தது தமக்கை. வாக்கிய பஞ்சாங்கம்தான், திருக்கணிதம் அவவிடம் செல்லாது. ரீச்சருக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதோ தெரியாது, ஆனால் சொன்ன நிமிஷத்தில் தாலி ஏறியது.

இனிக் குறைகள். நிகழ்ச்சி ஐம்பத்தைந்து நிமிஷம் போனது. பிள்ளைகள் சந்தித்த கதையை ரீச்சர் வாசித்தது நல்ல தமிழ்தான், ஆனால் பாதியாக வெட்டியிருக்கலாம். ஆவணி வெயிலில் தகரப் பந்தலுக்குள் இருந்து பார்த்தால் தெரியும். பின்வரிசைக்காரர் சமையல் கொட்டிலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மற்றது பெரிய பிழை. யார் யார் மணவறைக்கு வர வேண்டும் என்று பட்டியல் கேட்டா, கொடுத்தேன். யாரைக் கூப்பிடாவிட்டால் கோபம் வரும் என்று கேட்கவில்லை. ஐயர் நடத்தும் கலியாணத்தில் இது தன்பாட்டில் நடந்துவிடும், எங்கள் ஊர் முறை அவருக்குத் தெரியும். இங்கே நான் மறந்தது மறந்ததுதான். ரொறன்ரோவிலிருந்து வந்த என் மச்சான், பெண்ணின் தாய்மாமன், ஒன்றுக்கும் கூப்பிடப்படாமல் கிணற்றடியில் கதிரை போட்டு இருந்தார். முதல் பந்திக்கும் வரவில்லை. பிறகு ரீச்சரிடம் சொன்னேன். "அதை நான் கேட்டிருக்கவேணும் ஐயா" என்று கொப்பியை எடுத்து எழுதினா. அடுத்த வீட்டுக்காரருக்கு அந்தக் கேள்வி கிடைக்கும்.

இரண்டு மதம் கலக்கிற வீடென்றால் தயங்காமல் கூப்பிடுங்கள். ஒரே மதம், ஒரே ஊர், ஐயரும் தெரிந்தவர் என்றால் அந்த 60,000 ரூபாயைப் பலகாரத்துக்குப் போடுங்கள். மச்சான் ரொறன்ரோ போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னும் போன் எடுக்கவில்லை.