மூட்டுவலிக்குச் செந்தூரம் வாங்கித் தின்பவர்கள் கவனத்துக்கு: அப்பாவின் கிட்னிக்கு நடந்தது

செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கம் உங்கள் வீட்டில் யாராவது மூட்டுவலிக்காகக் கேரள எல்லை தாண்டிப் போய்ப் பொட்டலத்தில் செந்தூரமோ பஸ்பமோ வாங்கிச் சாப்பிடுகிறார்களா? அப்படியானால் முதலில் அவர்கள் காலைப் பாருங்கள். கணுக்காலுக்கு மேலே விரலை வைத்து அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கிறதா, சிறுநீரில் நுரை கட்டி, தண்ணீர் ஊற்றினாலும் அடங்காமல் கிடக்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று உடனே டெஸ்ட் எடுங்கள். பெரிய செலவில்லை, சின்ன லேபிலேயே செய்வார்கள்.

அப்பாவுக்கு வயது 72. அரிசி மில்லில் மூட்டை தூக்கியே தேய்ந்த முழங்கால். எங்கள் பக்கம் மலையாள வைத்தியம் என்றால் தனி மரியாதை உண்டு. 1956 நவம்பர் வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமையோடுதானே இருந்தது? வைத்தியம், சம்பந்தம், சபரிமலை என்று ஏதாவது ஒரு காரியமாக ஆரியங்காவு கணவாய் தாண்டாத குடும்பம் இங்கே குறைவு. அந்த மரியாதையை வைத்துப் பிழைக்கிற ஒரு ஆளிடம்தான் அப்பாவை யாரோ அனுப்பிவிட்டார்கள். வாசலில் தமிழிலும் மலையாளத்திலும் போர்டு, உள்ளே வரிசையாக எண்ணெய்க் குடுவை. படித்த படிப்பு என்ன, பதிவு எண் என்ன என்று எங்கேயும் எழுதியிருக்காது.

கொடுத்தது செங்கல் நிறப் பொடி. மலையாளப் பேப்பரைக் கிழித்து மடித்த சின்னச் சின்னப் பொட்டலம். காலையிலும் ராத்திரியிலும் பயறு அளவு எடுத்துத் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். பெயர் இல்லை, தேதி இல்லை, பில்லும் இல்லை. வலி என்னவோ குறைந்தது, அதை மறைக்க மாட்டேன். நிறுத்தச் சொன்னபோதெல்லாம் அப்பா, "வலியே இல்லட்டி, எதுக்கு நிப்பாட்டச் சொல்லுத?" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

கொஞ்ச மாதத்தில் கால் வீங்கியது. காலையில் எழுந்தால் கண் இமை உப்பியிருக்கும், சாயங்காலம் ஆனால் செருப்பு வார் தடம் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். அந்த ஆளிடம் காட்டினோம். "கெட்ட நீரு இறங்குந்நதாக்கும் அண்ணாச்சி, பேடிக்க வேண்டா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, கிட்னியைச் சுத்தம் பண்ணும் கஷாயம் என்று பொடியைப்போல மூன்று மடங்கு விலையில் இன்னொரு பாட்டிலை நீட்டினார். எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். வந்த நோய்க்குக் காரணமும் அவர் சரக்கு, அதற்கு மருந்து என்று விற்றதும் அவர் சரக்கு.

இங்கே வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 0.9 என்று வந்ததும் "கிட்னி நார்மல்" என்றார்கள். மாஸ்டர் செக்கப், எக்கோ, வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள், சிறுநீரில் புரதத்தை மட்டும் யாரும் அளக்கவில்லை. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 2.1-க்குக் குறைந்திருப்பது தெரிந்ததும் விலை உயர்ந்த அல்புமின் பாட்டில்களை ஏற்றினார்கள். வீக்கம் வடிந்தது, டிஸ்சார்ஜ் ஆனோம், திரும்பவும் வீங்கியது. ஏற்றுகிற அல்புமின் இந்த நோயில் ஓரிரு நாளில் சிறுநீர் வழியாகவே வெளியே போய்விடும் என்று பிறகுதான் தெரிந்தது. ஓட்டையை அடைக்காமல் தொட்டிக்குத் தண்ணீர் விட்ட கதை. கடைசியில், "வயசாயிருச்சு, சுகர் வேற இருக்கு, சுகர் கிட்னிதாம்மா" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்குச் சுகர் வந்தே இரண்டு வருஷம்தான், அதுவும் ஒரு மாத்திரையில் கட்டுப்பட்டிருக்கிற சுகர்.

திருவனந்தபுரத்தில் ஒரு நெஃப்ராலஜிஸ்ட், அதாவது கிட்னி டாக்டர்தான் முடிச்சை அவிழ்த்தவர். முதலில் கண் டாக்டரிடம் அனுப்பி விழித்திரையைப் பார்க்கச் சொன்னார். கிட்னியை இந்த அளவுக்குக் கெடுத்த சுகர் பெரும்பாலும் விழித்திரையையும் விட்டுவைத்திருக்காதாம். அப்பாவின் கண் சுத்தமாக இருந்தது. 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பார்த்ததில் 8 கிராம் புரதம். மூன்றரை கிராமைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய அளவு என்றார். கிரியேட்டினினை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கும் காரணம் சொன்னார். அது தசையிலிருந்து வருவது. தசை வற்றிய பெரியவர்களுக்குக் கிட்னி மந்தமாக இருந்தாலும் ரிப்போர்ட் நல்லதுபோலக் காட்டும். போதாக்குறைக்கு, கிட்னியின் சல்லடை கிழிந்து புரதம் ஒழுகுகிற நோய்களில் ஆரம்பத்தில் கிரியேட்டினின் ஏறாமலேயே இருக்கலாம்.

அடுத்து பயாப்சி. "இந்த வயசுல கிட்னியில ஊசி குத்தணுமா?" என்று சித்தப்பா ஒரே சண்டை. வயசான ஆளுக்குத்தான் குத்திப் பார்க்காமல் மருந்து கொடுக்கப் பயம் என்றார் டாக்டர். பெரியவர்களுக்குக் கால் வீங்கிப் புரதம் போனால் அதற்குள் பல நோய் ஒளிந்திருக்கலாமாம். அமிலாய்டு என்ற கெட்ட புரதம் படிந்திருக்கலாம், எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயான மைலோமாவின் புரதம் கிட்னியைத் தாக்கியிருக்கலாம், கிட்னிச் சல்லடையின் சவ்வு தடிக்கும் மெம்பரனஸ் நெஃப்ரோபதியாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், வைத்தியம் மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிட்ட ஆஸ்பிரினை முன்கூட்டியே நிறுத்தி, பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவந்து, குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே எடுத்தார்கள். நூல் மாதிரி மெலிசான சதை. அதைப் பிரித்து இரண்டு குப்பியில் போட்டார்கள். ஒன்று ஃபார்மலின், மற்றது வேறு திரவம். எல்லாவற்றையும் ஃபார்மலினிலேயே போட்டுவிட்டால் ஒளிர்சாயப் பரிசோதனை சரியாக வராது. உங்கள் ஊரில் பயாப்சி எடுத்தால் இரண்டு குப்பி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், தப்பில்லை.

ரிசல்ட் மெம்பரனஸ் என்று வந்தது. அதோடு விட்டிருந்தால் ஸ்டீராய்டும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் ஆரம்பித்திருக்கலாம், 72 வயது உடம்பில் எதிர்ப்புச்சக்தியை அமுக்கிக் கிருமித்தொற்றை வரவழைத்துமிருக்கலாம். இந்த டாக்டர் அது எந்த வகை மெம்பரனஸ் என்றும் சாயம் போட்டுப் பார்க்கச் சொன்னார். 2009-ல் கண்டுபிடிக்கப்பட்ட பிஎல்ஏ2ஆர் (PLA2R) என்ற புரதத்தின் பெயரால் சொல்லும் வகைதான் அதிகம் வருவது. அப்பாவுக்கு அது இல்லை, 2020-ல் அடையாளம் கண்ட நெல்-1 (NELL-1) என்ற வேறொரு புரதத்தின் பெயர்கொண்ட அரிய வகை. பெயரைச் சொன்ன கையோடு அவர் கேட்டது, "நாட்டு மருந்து எதாவது சாப்பிட்டீங்களா ஐயா?" அப்பா மோட்டைப் பார்த்தார். அம்மாதான் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

நெல்-1 வகைக்கும் பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் உள்ள தொடர்பைச் சென்னை ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2022-ல் கிட்னி இன்டர்நேஷனல் என்ற மருத்துவ இதழில் எழுதியிருக்கிறது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்கு இதே நோய் வந்தது 2023-ல் செய்தியாகவே வந்தது. அப்பாவின் ரத்தத்திலும் பாதரசம் அளவுக்கு மேல் இருந்தது. நெல்-1 சில சமயம் எங்கோ ஒளிந்திருக்கும் புற்றுநோயின் அறிகுறியாகவும் வருமாம், பெரியவர்களுக்கு அதைத் தேடாமல் விடக் கூடாதாம். சிடி ஸ்கேன் எடுத்தார்கள், நல்லவேளையாக ஒன்றுமில்லை. பொடியை நிறுத்தி, புரத ஒழுக்கைக் குறைக்கிற பிரஷர் மாத்திரை, நீர் இறங்க மாத்திரை, உப்புக் குறைப்பு. இவ்வளவுதான் வைத்தியம். அல்புமின் இவ்வளவு இறங்கினால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு என்பதால் அதையும் கண்காணித்தார்கள். இப்போது புரதம் 8 கிராமிலிருந்து 1 கிராமுக்குள் வந்திருக்கிறது. முழங்கால் வலி திரும்பிவிட்டது, அதற்கு ஃபிசியோதெரபி. கண்ட வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கவும் கூடாது, அதில் சிலதும் கிட்னியைக் கெடுக்கும்.

சித்த மருத்துவத்தைத் திட்ட நான் வரவில்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் பார்த்துக் குணமானவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. முறையாகத் தயாரித்த மருந்தென்றால் லேபிளில் சேர்மானம், லைசென்ஸ் எண், பேட்ச் எண் இருக்கும். சட்டம் நச்சுப்பொருள் என்று பட்டியலிட்ட சரக்கு உள்மருந்தில் சேர்ந்திருந்தால், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை வரியும் இருக்க வேண்டும். பேப்பர் பொட்டலத்தில் இதில் எது இருக்கிறது?

புகார் கொடுக்கப் போனால், தமிழ்நாட்டுப் பக்கம் "விற்பனை கேரளாவில் நடந்திருக்கு, அங்க போங்க" என்கிறார்கள், அந்தப் பக்கம் "பில் உண்டோ?" என்கிறார்கள். பில் கொடுக்காததே புகார் என்று எழுதிக் கொடுத்து, ரசீது எண் வாங்கி வந்திருக்கிறேன். என் ஒருத்தி மனு போதாது. இதே ஆளிடம் வாங்கிய செங்கல் நிறப் பொடி உங்கள் வீட்டில் மிச்சம் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். தேதி எழுதி ஒட்டிப் பத்திரமாக வையுங்கள், கிட்னி டாக்டரிடம் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். புகார் எழுதத் தயாராக இருப்பவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், மனுவின் மாதிரியைத் தருகிறேன்.