தைமால் புகையா, சிலிக்கா ஜெல் டப்பாவா: பழைய காகிதத்தில் பூஞ்சை வராமலிருக்க எது?

தாத்தா காலத்துப் பத்திரங்களும் கடிதங்களுமாக ஒரு டிரங்குப் பெட்டி என் கைக்கு வந்து சேர்ந்தது. திறந்ததுமே மக்கல் வாடை. நாலைந்து தாள்களின் ஓரத்தில் சாம்பல் பச்சையாகப் பொடி. என்ன செய்யலாம் என்று விசாரித்தால் எல்லாரும் சுற்றிச் சுற்றிச் சொன்னது இரண்டே வழிதான். ஒன்று தைமால் புகை, இன்னொன்று காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள். நான் டப்பா பக்கம் போனேன். இப்போதும் அந்தப் பக்கம்தான்.

அந்துருண்டையை இதில் சேர்க்கவே இல்லை. அது பூச்சிக்கு, பூஞ்சைக்கு அல்ல. வெயிலில் காயப்போடுவதும் வேண்டாம், மை வெளுத்துவிடும்.

தைமால் என்பது ஓம வாசனைக்குக் காரணமான அதே பொருள்தான். மூடிய அலமாரியின் அடியில் 40 வாட் குண்டு பல்பு, அதற்கு மேல் ஒரு தட்டில் தைமால் படிகம், அதற்கும் மேலே விரித்து வைத்த தாள்கள். பல்பின் சூட்டில் படிகம் ஆவியாகித் தாள்களுக்குள் இறங்கும். ஆவணக் காப்பகங்களில் நெடுங்காலம் புழங்கிய முறை. அந்த ஆவி மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது, தோல் ஏடுகளையும் கெடுக்கும். ஆனால் நான் வேண்டாம் என்றதற்கு முக்கியக் காரணம் இது இல்லை.

புகை போனதும் காவலும் போய்விடுகிறது, அதுதான் விஷயம். பூஞ்சை வித்து எந்த வீட்டுக் காற்றிலும் உண்டு. இன்றைக்கு உள்ளதைக் கொன்றாலும், ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் புதிதாக விழுந்தது முளைக்கும். காமா கதிர் தைமாலைவிடப் பலமாகக் கொல்லும், ஆனாலும் அதற்கும் இதே கதைதான். போதாக்குறைக்குக் காகிதத்தின் செல்லுலோஸ் சங்கிலியையும் அறுக்கும், ஒவ்வொரு முறையும் அந்தச் சேதம் கூடிக்கொண்டே போகும். ஆக, கொல்வதைவிட முளைக்க விடாமல் வைப்பதுதான் வேலை.

டப்பாவில் போடுவதற்கு முன் பொடியை எடுக்க வேண்டும். தாள் நன்றாக உலர்ந்திருந்தால் மட்டும், என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, மிருதுவான தூரிகையால் வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும்.

அப்புறம் மூடியில் ரப்பர் வளையம் உள்ள டப்பா, உள்ளே ஜெல், ஒரு ஈரப்பதமானி. மலிவான ஈரப்பதமானியை அப்படியே நம்பக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஒரு ஜாடியில் மூடி வைத்தால் அடுத்த நாள் 75 காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டியது, அதனால் எப்போதும் நாலு கூட்டிப் படிக்கிறேன்.

ஆர்வக்கோளாறில் முதலில் ஜெல்லை அள்ளிப் போட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் 28க்கு இறங்கியது. நாலாக மடித்த ஒரு பத்திரத்தைப் பிரிக்கப் போனால் மடிப்பில் மொறுமொறுவென்று சத்தம், அப்படியே வைத்துவிட்டேன். பாதி ஜெல்லை வெளியே எடுத்தபின் 50ஐ ஒட்டி நிற்கிறது, அது போதும். ஜெல் ஈரம் குடித்து ஆரஞ்சிலிருந்து பச்சையானால் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அதைத் தவிர்ப்பது நல்லது.

இந்தப் பராமரிப்புதான் டப்பாவின் தொல்லை, மறைக்கவில்லை. அடிக்கடி திறந்தால் ஜெல் சீக்கிரம் நிறைந்துவிடும். ஒருமுறை இரண்டு மாதம் எட்டிப் பார்க்காமல் விட்டேன், திறந்தபோது 63. அன்றிலிருந்து ஜெல் மாற்றிய தேதியை மூடி மேலேயே எழுதி ஒட்டுகிறேன்.

என் அனுபவம் ஒரு பெட்டி அளவுதான். அறை நிறையக் கட்டுகள் இருந்தால் ஜெல் கட்டுப்படியாகாது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்து, அலமாரியை வெளிச்சுவரிலிருந்து தள்ளிப் போடுவதே வழி. பூஞ்சை நூற்றுக்கணக்கான கட்டுகளில் பரவி, காற்றை வெளியேற்றும் கூடமும் பழகிய ஆளும் இருந்தால் புகையை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் அதற்குப் பிறகும் ஈரத்தைக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும்.

தண்ணீரில் நனைந்த தாள் என்றால் இரண்டுமே உதவாது. 48 மணி நேரத்தில் பூஞ்சை தொடங்கிவிடும், அதற்குள் காயவைக்க முடியாத தாள்கட்டை உறையில் போட்டு மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வித்து சாகாது, வளர்ச்சி மட்டும் நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம்.