மூன்றாம் முறையும் சிரிப்பு வருகிறதா? நகைச்சுவைப் படங்களோடு 15 ஆண்டுகள்

திரைப்படத்தை ஆராய்ந்து எழுதும் பயிற்சி எதுவும் எனக்கு இல்லை. வேலையெல்லாம் முடிந்து, உறங்கப் போவதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் நகைச்சுவைப் படம் ஒன்றில் பாதியையோ தொடர் ஒன்றின் ஓர் அத்தியாயத்தையோ பார்ப்பது ஏறக்குறைய 15 ஆண்டுகளாக என் வழக்கம். முதல்முறை பார்த்துச் சிரித்ததை வைத்து ஒரு படத்தை மெச்சுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அடுத்து வரப்போகும் வசனம் இன்னதென்று தெரிந்த பிறகும், அதாவது மூன்றாம் முறை பார்க்கும்போதும், சிரிப்பு வருகிறதா என்பதுதான் என் கணக்கு. அந்தக் கணக்கில் தேறியவற்றையும் தேறாதவற்றையும் பற்றி எழுதுகிறேன்.

தேறியவற்றில் முதலாவது, ஸ்ரீதர் இயக்கி 1964-இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை'. நாகேஷ் தம் தந்தையாக வரும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. முதல் சில முறை நான் நாகேஷை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையும் குரலும் வாயாலேயே எழுப்பும் ஓசைகளும் வேறு எதையும் பார்க்க விடுவதில்லை. பின்னர் ஒருநாள் இரவு, வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டதால் ஒலியை முற்றிலும் அடக்கிவிட்டு அதே காட்சியைப் பார்த்தபோதுதான் கண் பாலையாவின் பக்கம் போயிற்று. மகனை ஏளனமாகப் பார்க்கத் தொடங்கும் அந்த முகம், கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் இழுபட்டு, இறுதியில் தன் வீட்டுக்குள்ளேயே பயந்து நடுங்கும் மனிதரின் முகமாகிவிடுகிறது. அன்று ஒலியே இல்லாமல் சிரித்தேன். பல படங்களில் என் சிரிப்பு வேடிக்கை செய்பவரிடமிருந்து அல்லாமல், அதற்கு ஆளாகிறவரிடமிருந்தே வருகிறது என்பதை அதன் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன்.

மௌனப் படங்களின் மீது எனக்கு மதிப்பு கூடியதற்கும் இதுவே காரணம். 1928-இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதுமாகப் பெயர்ந்து பஸ்டர் கீட்டன் மீது சாய்கிறது; மாடிச் சன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் இறங்குவதால் அவர் பிழைத்துக்கொள்கிறார். சுவர் உண்மையானது, எடையும் உண்மையானது, ஆனால் மனிதரோ வழக்கமான சலனமற்ற முகத்துடன் நிற்கிறார். அவர் அலறியிருந்தால் அது வெறும் சாகசக் காட்சியாக முடிந்திருக்கும். லாரல், ஹார்டி இருவரும் ஒரு பியானோவை நீண்ட படிக்கட்டில் ஏற்றும் 'தி மியூசிக் பாக்ஸ்' (1932) என்ற குறும்படம், மௌனப் படம் அல்ல, பேசும் படம்தான்; ஆஸ்கார் விருதும் பெற்றது. அதில் பியானோ உருளும் ஒவ்வொரு முறையும், நடக்கப்போவது நமக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் சுவை. லாரல் ஏதோ ஒன்றைச் செய்து வைக்க, ஹார்டி நம்மைத் திரும்பிப் பார்க்கும் அந்த அயர்ந்த பார்வைக்காகவே நான் அவர்களிடம் திரும்பப் போகிறேன்.

'மைக்கேல் மதன காமராஜன்' (1990) வேறு வகை. கிரேஸி மோகனின் வசனங்கள் ஒன்றன் மீது ஒன்றாக விழுவதால், ஒன்றுக்குச் சிரித்து முடிப்பதற்குள் இரண்டு தப்பிவிடுகின்றன. ஐந்தாறு முறை பார்த்த பின்னும் புதிதாக ஒரு சொல் காதில் விழுகிறது. ஆனாலும் சாம்பாரில் மீன் விழும் காட்சியில் நான் பார்ப்பது டெல்லி கணேஷின் பதற்றத்தைத்தான். 'தில்லுமுல்லு' (1981) படத்திலும் அப்படியே. மீசையுள்ள ஒருவர், தமக்கு மீசையில்லாத தம்பி இருப்பதாகப் புளுகுகிறார் என்பது எளிய கதைதான். தேங்காய் சீனிவாசன் அதை முழுமனதோடு நம்புவதால்தான் கதை நிற்கிறது.

தொடர்களில் என் அனுபவம் கலவையானது. 1994 முதல் 2004 வரை பத்துப் பருவங்கள் ஓடிய 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரைக் காதொலிக்கருவி மாட்டிக்கொண்டு பார்த்தது நான் செய்த தவறு. அரங்கத்தினரின் சிரிப்பொலி காதுக்குள் வந்து விழுந்ததும், நடிகர்கள் அது அடங்கும்வரை காத்திருப்பது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அமெரிக்காவில் 2005-இல் தொடங்கிய 'தி ஆபிஸ்' தொடரில் அந்த ஒலி கிடையாது. மேலாளர் உளறும்போதெல்லாம் ஊழியர் ஒருவர் ஒளிப்படக்கருவியை ஒரு கணம் பார்ப்பார். ஹார்டியின் பார்வையே வேறு உடையில் வந்ததைப் போல எனக்குத் தோன்றும். 'மிஸ்டர் பீன்' மொத்தம் 15 அத்தியாயங்கள்தாம் என்றாலும், அடுத்தடுத்து மூன்று பார்த்தால் அலுத்துவிடுகிறது. முதல் அத்தியாயத்தில் தேவாலயத்தில் அவருக்கு அருகில் உட்கார்ந்து முகம் சுளிக்கும் மனிதர் மட்டும் அலுக்கவே இல்லை.

தேறாதவை என்று பார்த்தால், ஒருவரின் நிறத்தையோ உடல் பருமனையோ சொல்லிச் சிரிக்க வைக்கும் காட்சிகள்தாம் பெரும்பாலும். சிறுவயதில் நானும் அவற்றுக்கு விழுந்து விழுந்து சிரித்தவன்தான். இப்போது அந்தக் காட்சி வரும்போது கை தானாக ஓட்டும் பொத்தானுக்குப் போகிறது. பிற படங்களைக் கேலி செய்யும் படங்கள் விரைவில் பழசாகும் என்றும் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது 1980-இல் வந்த 'ஏர்ப்ளேன்'. அது கேலி செய்யும் 1957-ஆம் ஆண்டுப் படத்தை நான் பார்த்ததே இல்லை. லெஸ்லி நீல்சன் தாம் நகைச்சுவைப் படத்தில் நடிப்பதே தெரியாதவர் போல இருப்பதால் அது எனக்குத் தடையாகவும் இல்லை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். மிகவும் பிடித்த படத்தை நண்பர்களைக் கூட்டி வைத்துக் காட்டக் கூடாது. ஒருமுறை அப்படிச் செய்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் அரை நொடி முன்பாக நானே சிரித்து வைக்க, இரண்டு மணி நேரமும் அவர்கள் திரையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

இவ்வளவு பார்த்தவன், ஒன்றை மட்டும் பார்க்காமல் வைத்திருக்கிறேன். விடுதி நடத்தும் முன்கோபக்காரரைப் பற்றிய 'ஃபால்டி டவர்ஸ்' 1975-இல் ஆறும் 1979-இல் ஆறுமாக 12 அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. பதினொன்றைப் பலமுறை பார்த்தாயிற்று. பன்னிரண்டாவதையும் பார்த்துவிட்டால் அதில் புதிதாகப் பார்க்க ஒன்றுமே மிஞ்சாது என்பதால், கைபேசியில் பதிவிறக்கி வைத்தும் இன்னும் தொடவில்லை.