காசிமேட்டுக் கடற்காற்றில் என்கோடரா, கணக்கா?

காசிமேட்டு ஐஸ் நொறுக்கும் இயந்திரத்தின் மோட்டார் மூடியைக் கழற்றினால், பச்சை பிடித்த என்கோடர் (சுழலும் பகுதியான ரோட்டரின் கோணத்தைச் சொல்லும் சென்சார்) பின்கள்தான் முதலில் கண்ணில் படும். அவற்றைச் சுரண்டிக் கை சலித்த பிறகே, சென்சார் இல்லாமல் ரோட்டரின் நிலையை அறியும் இரண்டு வழிகளையும் பொறுமையாகப் பார்த்தேன்.

இதில் இருப்பது சிங்க்ரனஸ் ரிலக்டன்ஸ் மோட்டார். அதன் ரோட்டரில் காந்தமும் இல்லை, செம்பும் இல்லை. பிளவுகள் வெட்டிய எஃகுத் தகடுகள் மட்டுமே. 1923-இல் கோஸ்ட்கோ என்ற பொறியாளர் எழுதிய கட்டுரையிலேயே இந்த யோசனை வந்துவிட்டது. பிளவுகளை ஒட்டிய திசையில் இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) அதிகம், குறுக்கே குறைவு. இந்த வேறுபாடுதான் முறுக்குவிசையைத் தருகிறது; ரோட்டரின் இருப்பிடத்தையும் காட்டிக்கொடுக்கிறது.

முதல் வழி, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கொண்டு காந்தப்பாயத்தைக் கணக்கிடுவது. சத்தமில்லை, கூடுதல் இழப்பில்லை. வேகம் குறைந்தால்தான் தடுமாற்றம். அப்போது மின்னழுத்தமே சொற்பம். அதில் சுருளின் மின்தடையால் வரும் பிழை பெரிதாகிவிடும். செம்பு 80 டிகிரி சூடேறினால் மின்தடை ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிடுமே! நின்ற நிலையில் இந்தக் கணக்குக்குப் பிடிமானமே இல்லை.

இரண்டாவது வழி, சில நூறு ஹெர்ட்ஸ் மின்னழுத்தத்தைக் கலந்து, திரும்பும் மின்னோட்டத்தைப் படிப்பது. நின்றாலும் பலிக்கும். ரோட்டர் 180 டிகிரி மாறி நின்றாலும் கவலையில்லை. வடக்கு தெற்கு பார்க்க அதில் காந்தமா இருக்கிறது? ஆனால் காதைக் குடையும் ரீங்காரம் உண்டு. சுமை ஏறி, இரும்பு இதற்குமேல் காந்தப்பாயத்தை எளிதில் ஏற்காத அளவுக்கு நிறைவடைந்தால் கோணக் கணிப்பும் நகரும். அதற்குத் திருத்த அட்டவணை ஏற்றாமல் விட்டால் வம்புதான்.

பற்களுக்கிடையே பாதி ஐஸ் பார் சிக்கி நிற்கும்போது வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும். கணக்கை மட்டும் நம்பிய டிரைவ் (மோட்டாருக்கு மின்சாரம் ஊட்டிக் கட்டுப்படுத்தும் கருவி) குருட்டாம்போக்கில் உதறிவிட்டு டிரிப் ஆனது. மற்றது முனகிக்கொண்டே பாரை உடைத்துத் தள்ளியது. ஆகவே நொறுக்கிக்கு இரண்டாவது வழி. முழு வேகத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியதும் முதல் வழிக்கு மாறட்டும். துல்லியமாக நிறுத்தவேண்டிய வேலை இருந்தால் மட்டும் என்கோடரைச் சகித்துக்கொள்ளலாம்.

கூலிங் டவர் மின்விசிறிக்கு முதல் வழியே தாராளம். ஒரேயொரு எச்சரிக்கை: கடற்காற்று அதைப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டிருந்தாலும் முனைகளில் மின்னழுத்தம் அநேகமாக எழாது, காந்தம் இல்லையே. எனவே சுழலும் மோட்டாரைத் தேடிப் பிடிக்கும் வசதி டிரைவில் இருக்கிறதா என்று வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.