இரவில் ரீபூட் ஆன ஸ்விட்சும் அதன் ரிமோட் லாக்கும்

எட்டு மாதமாக ஒரு 24 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் (கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும், அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய பெட்டி) வைத்திருக்கிறேன். வேகத்திலும் விலான் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது) அமைப்பிலும் குறையில்லை. அதன் ரிமோட் லாக் வசதியைப் பற்றித்தான் (ஸ்விட்சில் நடப்பவற்றின் பதிவை, அதாவது லாகை, வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்புவது) சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது மாதம் அது இரவில் தானாக ரீபூட் ஆக ஆரம்பித்தது. காலையில் லாக் பக்கத்தைத் திறந்தால் முந்தைய இரவின் ஒரு வரிகூட இருக்காது. லாக் எல்லாம் ரேமில் இருப்பதால் ரீபூட்டோடு அழிந்துவிடுகிறது. சரி, வெளியே அனுப்பிவிடலாம் என்று ஒரு பழைய கம்ப்யூட்டரில் லாக் செய்திகளை வாங்கிச் சேமிக்கும் ஆர்சிஸ்லாக் மென்பொருளைப் போட்டு, அவை வந்து சேரும் யூடிபி 514 போர்ட்டைத் திறந்து வைத்தேன். ஸ்விட்சில் சர்வர் ஐபி, போர்ட், லெவல் ஆகிய மூன்றை நிரப்பினால் போதும். இரண்டு நிமிட வேலை.

அன்று இரவும் ரீபூட் ஆனது. சர்வரில் ஒன்றும் வரவில்லை. ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டு அரை நாள் வீணாக்கினேன். காரணம் லெவல். லாக் அனுப்பும் முறையான சிஸ்லாக்கில் லெவல் 0 முதல் 7 வரை உண்டு, எண் குறையக் குறைய அவசரம் அதிகம். இந்த ஸ்விட்ச் 3-இல், அதாவது எரர் வரை மட்டும் அனுப்பும்படி வருகிறது. 4-ஆம் லெவல் எச்சரிக்கைகள் வெளியே வருவதே இல்லை. இப்படி விற்பது தவறு என்றே நினைக்கிறேன். 6 ஆக்கிய அன்றைக்கே விடை கிடைத்தது: விசிறி வேகம் குறைகிறது என்று ஒரு வரி, வெப்பநிலை பற்றி இரண்டு வரி, அப்புறம் ஒன்றுமே இல்லை. விசிறியை மாற்றினேன். அதன்பிறகு ஒரு ரீபூட்கூட இல்லை.

நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி-யையும் முதல் நாளே அமைத்துவிடுங்கள். உள்ளே கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை போலிருக்கிறது, ஒவ்வொரு ரீபூட்டுக்குப் பிறகும் வரிகள் ஜனவரி 1 என்றே வந்தன. செய்தி வந்து சேர்ந்த நேரத்தை ஆர்சிஸ்லாக் தனியாகக் குறித்து வைத்ததால்தான் வரிசை புரிந்தது.

யூடிபி தவிர வேறு வழி இல்லாததுதான் பெரிய குறை, செய்தியை மறையாக்கி அனுப்பும் டிஎல்எஸ் கிடையாது. செய்தி தொலைந்தாலும் ஸ்விட்சுக்குத் தெரியாது. பூட் ஆகும்போது அப்லிங்க் போர்ட் (மற்ற நெட்வொர்க்கோடு இணைக்கும் போர்ட்) ஸ்பானிங் ட்ரீ (இணைப்பில் சுழல் உண்டா என்ற சோதனை) முடிந்து திறக்க அரை நிமிடம் ஆகிறது. அதற்குள் அனுப்பிய வரிகள் சர்வருக்கு வருவதே இல்லை. அவற்றைப் பார்க்க இன்னமும் ஸ்விட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு ரேக் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.