அழுத்தம் ஏறாத ஹைட்ராலிக்: பம்பை மாற்றுவதா, அடைத்துப் பார்ப்பதா, ஓட்டத்தை அளப்பதா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையிலும் பாயான் லெப்பாசிலும் பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரங்களையும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரஸ்களையும் பராமரிப்பவர்கள், அழுத்தம் ஏறவில்லை என்ற புகார் வந்ததும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒன்று, பம்பையே மாற்றிவிடுவது. அடுத்தது, அழுத்தத்தைக் காட்டும் கேஜின் துணையோடு குழாய்களைப் பகுதி பகுதியாக அடைத்துப் பார்ப்பது. மூன்றாவது, ஃப்ளோ மீட்டரைப் பொருத்தி எண்ணெயின் ஓட்டத்தை அளப்பது.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த ஓட்டம் தடையைச் சந்திக்கும்போதுதான் அழுத்தம் எழுகிறது. அழுத்தம் வரம்பை மீறினால் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வில் தூசி சிக்கி அது சரியாக மூடாமல் இருந்தாலோ, சிலிண்டருக்குள் பிஸ்டன் சீல் தேய்ந்திருந்தாலோ, புதிய பம்பும் பழையதைப் போலவே நடந்துகொள்ளும்.

அடைத்துப் பார்ப்பதற்கு ஒரு கேஜும் சில மூடிகளும் போதும். பம்பையும் ரிலீஃப் வால்வையும் தாண்டிய இடத்தில் குழாயை அடைத்து ஓட்டும்போது அழுத்தம் முழுமையாக ஏறினால், கசிவு பெரும்பாலும் அதற்கு அப்பால் உள்ள வால்விலோ சிலிண்டரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் பம்ப், ரிலீஃப் வால்வு இரண்டில் எது என்பதை, வால்விலிருந்து தொட்டிக்குத் திரும்பும் குழாயின் சூடு ஓரளவு காட்டிக்கொடுக்கும்; அது சூடானால் வால்வைச் சந்தேகிக்கலாம். வேலை எதுவும் செய்யாமல் 100 பார் அழுத்தத்தை இழந்து திரும்பும் எண்ணெய் ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் சூடேறும். ஆனால் பம்புக்கும் ரிலீஃப் வால்வுக்கும் இடையில் அடைப்பது பம்பை உடைக்கும் காரியம். கசிவைக் கையால் தடவித் தேடுவது அதைவிட மோசம். ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

இம்முறையின் உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. நிமிடத்துக்கு 60 லிட்டர் தரவேண்டிய பம்ப் 150 பாரில் 20 லிட்டரைத் தனக்குள்ளேயே கசியவிட்டாலும், குழாயை அடைத்த நிலையில் கேஜ் முழு அழுத்தத்தையே காட்டும். சுமையேறியதும் சிலிண்டர் மட்டும் மந்தமாக நகரும். ஃப்ளோ மீட்டரில் ஓட்டத்துக்குத் தடை கொடுக்கும் சுமை வால்வை மெல்ல இறுக்கி 50, 100, 150 பாரில் ஓட்டத்தைக் குறித்துக்கொண்டால் இந்தத் தேய்மானம் தப்பாது. அந்த 20 லிட்டர் 5 கிலோவாட் வெப்பமாக மாறுவதால், கூலர் ஓயாமல் ஓடியும் எண்ணெய் சூடாகவே இருப்பதன் காரணமும் அதில் விளங்கிவிடும்.

எனவே பழுது எந்தப் பக்கம் என்று தேட கேஜும், பம்ப் வாங்கப் பணம் கட்டுவதற்கு முன் ஃப்ளோ மீட்டரும் என்பதே என் தேர்வு. எந்த முறையானாலும் காலையில் எந்திரத்தை முடுக்கிய கையோடு அளப்பதில் பயனில்லை. 40 டிகிரியில் 46 சென்டிஸ்டோக் பிசுபிசுப்பு கொண்ட எண்ணெய் 60 டிகிரியில் அதில் பாதிக்கும் கீழே நீர்த்துவிடுவதால், பினாங்கு வெயிலில் தகரக்கூரைக்குக் கீழே நிற்கும் எந்திரத்தின் கசிவு பிற்பகலில்தான் முழுமையாகத் தெரியும்.

பிஸ்டன் பம்பாக இருந்தால் மீட்டர்கூடத் தேவைப்படாமல் போகலாம். அதன் உறையிலிருந்து தொட்டிக்குச் செல்லும் வடிகுழாயை ஒரு வாளியில் விட்டு, வேலை அழுத்தத்தில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு எண்ணெய் சேர்கிறது என்று பார்த்தால், அது பம்பின் முழு ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும்போது பம்பைப் பிரித்துச் சீர்செய்யும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.