பழைய காரில் அடைபட்ட இன்ஜெக்டர்: கழுவுவதா, பழையது வாங்குவதா, புதிதாகவே மாற்றுவதா?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில், 2000-ஆம் ஆண்டையொட்டியும் அதன் பின்னரும் வாங்கப்பட்ட மாருதி 800, ஆல்ட்டோ, ஜென், சான்ட்ரோ போன்ற பெட்ரோல் கார்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேலையில் இருக்க, ஐப்பசி, கார்த்திகை அடைமழை முழுவதும் கொட்டகையில் அசையாமல் நின்ற காரைப் பொங்கலுக்கு வெளியே எடுக்கும்போது, எஞ்சின் குலுங்குவதும் ஒரு சிலிண்டர் மிஸ் ஆவதும் பிக்கப் விழுவதும் பலருக்குப் பழகிய தொல்லைகள். ஸ்பார்க் பிளக்கை மாற்றியும் குறை தீராதபோது சந்தேகம், எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தூவிக் கொடுக்கும் இன்ஜெக்டரின் மேல் விழுகிறது. இந்த நிலையில் உரிமையாளருக்கு நான்கைந்து வழிகள் இருக்கின்றன. அவற்றுள் எது நம் பகுதிக்கும் நம் கார்களுக்கும் பொருந்தும் என்பது இன்ஜெக்டர் எப்படிக் கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஆகவே முதல் வேலை நோயறிதல். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜெக்டர்களின் கப்ளரை (மின்கம்பி இணைப்பை) ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால், நன்றாக வேலை செய்யும் சிலிண்டரில் எஞ்சின் மேலும் தடுமாறும். கெட்ட சிலிண்டரில் எந்த மாற்றமும் தெரியாது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜெக்டரின் உடலில் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டால், உயிருள்ள இன்ஜெக்டர் சீராகத் தட்டுவது கேட்கும். தட்டும் ஓசை இல்லையென்றால், எஞ்சினை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரால் அதன் மின்சுருளான காயிலை அளந்து பார்க்க வேண்டும். இந்த வகைக் கார்களில் பெரும்பாலும் 11 முதல் 17 ஓம் வரை காட்டும். அளவே காட்டாமல் காயில் அறுந்திருந்தால் கழுவுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மாற்றுவது ஒன்றே வழி. இன்ஜெக்டரின் துளையைத் திறந்து மூடும் ஊசி, மூடிய நிலையில் இறுகியிருந்தால் சிலிண்டருக்குப் பெட்ரோல் போகாது, அவ்வளவுதான். திறந்த நிலையில் இறுகியிருந்தால் ஆபத்து பெரிது: பிளக் நனைந்து, கரும்புகை வந்து, எரியாத பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடேறிக் கெடும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால் காரை ஓட்டுவதை அப்போதே நிறுத்திவிட வேண்டும். பழுது தீர்ந்தபின் ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

வழிகளுள் மிக மலிவானது, டேங்கில் ஊற்றும் கிளீனர் திரவம். இதைப் பலர் மருந்தாக நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது காப்பு மட்டுமே. பெட்ரோலோடு கலந்து இன்ஜெக்டர் வழியே பாயும்போதுதான் அது படிவைக் கரைக்க முடியும். மூடிய நிலையில் இறுகிப்போன இன்ஜெக்டரின் வழியே பெட்ரோலே பாயாதபோது, கிளீனர் மட்டும் அங்கே சென்று சேர வழியில்லை. லேசாக அடைபட்டு, மைலேஜ் சற்றுக் குறைந்த காருக்கு அது உதவலாம். நின்றுபோன இன்ஜெக்டருக்கு உதவாது.

அடுத்தது, இன்ஜெக்டரைக் கழற்றி, 9 வோல்ட் பேட்டரியால் விட்டுவிட்டுத் தூண்டிக்கொண்டே ஸ்ப்ரே கிளீனரைச் செலுத்தி வீட்டிலேயே கழுவுவது. பேட்டரியைத் தொட்டுத் தொட்டு எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் காயில் சூடாகிக் கருகிவிடலாம். பறக்கும் திரவமோ பொறி ஒன்று பட்டால் தீப்பற்றக்கூடியது. இவ்வளவு கவனத்தோடு செய்தாலும், ஊசி மீண்டும் அசைகிறது என்பதை மட்டுமே இந்த முறை காட்டும். ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல் பாய்கிறது, தூவல் விசிறிபோல் விரிகிறதா அல்லது ஒரே தாரையாக விழுகிறதா, மூடியபின் சொட்டுகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் வீட்டுத் திண்ணையில் விடை கிடைக்காது.

விடை கிடைக்குமிடம், அல்ட்ராசோனிக் தொட்டியும் பாய்வளவு சோதனைக் கருவியும் உள்ள சர்வீஸ் நிலையம். ஒலியதிர்வால் படிவை உதிர்த்து, எல்லா இன்ஜெக்டர்களையும் கண்ணாடிக் குழாய்களின் மேல் வரிசையாக மாட்டி, ஒரே நேரத்தில் தூவவிட்டு அளவை ஒப்பிடுவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சோதிப்பது ஏன் முக்கியம் என்றால், இந்தக் கார்களில் ஆக்சிஜன் சென்சார் எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் கலந்த நிலையிலேயே படிக்கிறது. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் குறைந்தால், மொத்தத்தில் குறைவு என்று கருதி எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ எல்லாவற்றுக்கும் கூட்டிக் கொடுக்கும். நன்றாக இருந்த சிலிண்டர்கள் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கும். ஆகவே கெட்டது ஒன்றை மட்டும் கழுவிவிட்டு மற்றவற்றை அப்படியே விடுவது அரைகுறை வேலை. ஓடும் நிலையில் உள்ள பழைய காருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

பழைய இன்ஜெக்டரை வாங்குவது, பழைய கார் உதிரிபாகச் சந்தையான சென்னை புதுப்பேட்டையிலிருந்து உறவினர் மூலம் வரவழைக்க முடிகிற அளவுக்கு எளிது, விலையும் குறைவு. ஆனால் கழற்றிப் போட்ட காரில் அது எப்படி இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. காய்ந்த பெட்ரோல் பிசின் அதற்குள்ளும் இருக்கலாம். வாங்கினால் அதையும் சோதனைக் கருவியில் ஏற்றியாக வேண்டும் என்பதால், மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். புதியதை வாங்குவதில் இந்தச் சந்தேகம் இல்லை. எனினும் தோற்றத்தில் ஒன்றாக இருந்தும் பாய்வளவிலும் துளை அமைப்பிலும் வேறுபடுபவை உண்டு என்பதால், பழைய இன்ஜெக்டரின் உடலில் பொறித்த எண்ணைப் படித்து, அதே எண்ணுக்கு உரியதை ரசீது தரும் கடையில் வாங்க வேண்டும். காயில் அறுந்ததற்கும், கழுவியும் சொட்டுவதற்கும் புதியதே தீர்வு. அப்போதும் மற்ற பழையவற்றைக் கழுவி, புதியதோடு பாய்வளவை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், கழற்றி மாட்டும் வேலையைப் பெட்ரோல் காரில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதே என் உறுதியான கருத்து. எஞ்சின் முழுதும் ஆறியபின் ஃப்யூயல் பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு அது தானாக அணையும்வரை காத்திருந்தால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயான ரெயிலில் ஏறத்தாழ 3 பார் (அழுத்த அலகு) அளவில் நிற்கும் அழுத்தம் தணியும். அதன்பின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். குறுவை அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல் காயவைத்துத் தூற்றும் தெருக்களில், பதர் பறக்கும் நேரத்தில் எஞ்சினைத் திறக்கவே கூடாது; இன்ஜெக்டர் எடுத்த துளை வழியே விழும் தூசி நேரே வால்வின் மேல் போய் உட்காரும். கழற்றும் முன் இன்ஜெக்டரைச் சுற்றிய அழுக்கைக் காற்றடித்து நீக்கி, கழற்றியதும் துளையைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். இருபது ஆண்டு வெப்பத்தில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங், மெனிஃபோல்டோடு (எஞ்சினுக்குக் காற்று செல்லும் குழாயோடு) ஒட்டிக்கொண்டு இன்ஜெக்டர் வர மறுத்தால், துரு நீக்கும் எண்ணெயை விட்டுச் சிறிது நேரம் ஊறவைத்து, இடமும் வலமுமாகத் திருகித் தளர்த்தி, ரெயிலோடு சேர்த்து நேராக மேலே இழுக்க வேண்டும். நெம்பினால் பிளாஸ்டிக் கப்ளர் உடையும். அப்போது கழுவலாம் என்ற வழியே அடைபட்டுப்போகும்.

ஓ-ரிங் விஷயத்தில் ஒரு சிக்கனம் ஆபத்தானது. பம்புசெட் உதிரிபாகக் கடைகளில் அதே அளவில் கிடைக்கும் சாதாரண கருப்பு ரப்பர் வளையம் தண்ணீருக்கும் ஆயிலுக்கும் செய்யப்பட்டது; எஞ்சினின் வெப்பத்தையும் எத்தனால் கலந்த பெட்ரோலையும் நீண்டநாள் தாங்குவது ஃப்ளூரோகார்பன் வகை. பழைய வளையத்தை மறுபடி போடாமல், புதியதில் எஞ்சின் ஆயில் துளி தடவி மாட்டிவிட்டு, ஃப்யூஸையும் பேட்டரியையும் இணைத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து பம்பை ஓடவிட்டு, டார்ச் அடித்துக் கசிவு பார்க்க வேண்டும். சமையலறைச் சுவரை ஒட்டியோ பூஜை விளக்கு எரியும் முற்றத்திலோ இந்த வேலையைச் செய்யக்கூடாது.

டீசல் கார் என்றால் கணக்கு வேறு. அம்பாசடர் போன்ற பழைய டீசல்களின் இன்ஜெக்டரை இங்கே நாசில் என்பார்கள். டிராக்டரும் அறுவடை எந்திரமும் நிறைந்த டெல்டாவில் கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களில் நாசிலின் திறப்பு அழுத்தத்தையும் தூவலையும் சோதித்துத் தரும் கடைகள் இருப்பதால், கழற்றி அங்கே கொண்டுபோய், புதிய செம்பு வாஷரோடு மாட்டிக்கொள்ளலாம். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாய் உள்ள காமன் ரெயில் டீசல்களில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் ஏறும். அந்த அழுத்தத்தில் கசியும் டீசல் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். கரி பிடித்து எஞ்சினின் சிலிண்டர் தலையோடு இறுகிய இன்ஜெக்டரை இழுக்கத் தனிக் கருவி வேண்டும். பல மாடல்களில் புதியதன் குறியீட்டை ஈசியூவில் பதியவும் வேண்டும். ஆகவே காமன் ரெயில் இன்ஜெக்டரை வீட்டில் தொடக்கூடாது.

எல்லா ஒப்பீட்டுக்கும் அப்பால், அடைப்பு எங்கிருந்து வந்தது என்பதைக் காண வேண்டும். 2023-இல் விற்பனைக்கு வந்த 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே இப்போது வழக்கமாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். கடலோர ஈரக்காற்றில் மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நிற்கும் காரில் தண்ணீர் அடியில் பிரிந்து துருவேற்றும். டேங்கில் உள்ள பழைய படிவையும் எத்தனால் பெயர்த்துக் கொண்டுவரும். இன்ஜெக்டரின் வாயில் உள்ள சிறு வலை ஃபில்டரை சர்வீஸ் நிலையத்தில் மாற்றும்போது, கழற்றிய பழைய வலையைக் கேட்டு வாங்கி வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். கரும்பிசின் மட்டும் இருந்தால் கார் நின்ற காலமே காரணம். கழுவியவற்றை அப்படியே மாட்டலாம். செந்நிறத் தூள் உதிர்ந்தால், டேங்கை இறக்கிக் கழுவி, ஃப்யூயல் ஃபில்டரை மாற்றியபின்தான் மாட்ட வேண்டும்.